ஓதப்படாத எழுத்துக்கள்

திருக்குர்ஆன் வசனங்களின் மேல் மீம், லா, ஜீம் எனச் சிற்றெழுத்துக்கள் காணப்படும். அவை ஓதுவதற்குரியவை அல்ல. எங்கே நிற்பது, எங்கே நிற்கலாகாது என ஓதுவோர்க்கு உணர்த்துபவை. கணினியிலும் இவற்றை ஒத்தவை உண்டு. 1963இல் தோன்றிய ஆஸ்கி முறையின் 128 இடங்களில் 33 இத்தகைய கட்டளைக் குறிகளுக்கே உரியவை.

மண்ணூர்பேட்டையிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குக் கணினிப் பணிக்குச் செல்லும் இளைஞர்க்கு நாம் சொல்வது இதுவே: யூனிக்ஸ் முனையத்தில் கண்ட்ரோல் விசையுடன் எஸ் அழுந்தினால் திரை அசைவற்றுப் போகும். எந்திரம் பழுதென்று எண்ணி அணைத்துவிட்டால் செய்த வேலை பாழாகும். உண்மையில் அது தொலையச்சுக் காலத்திலிருந்து வரும் 19ஆம் குறியின் ஆணை; 'நிறுத்து' என்பது அதன் பொருள். கண்ட்ரோலுடன் க்யூ அழுத்தினால் 17ஆம் குறி பிறந்து தடை நீங்கும். இந்நிறுத்தமே வேண்டாதார் 'எஸ்டிடிஒய்' கட்டளையால் அதனை விலக்கிக்கொள்ளலாம்.

குறியறியாதார்க்கு நிறுத்தமும் முடிவாகவே தோன்றும். வக்ஃபு முடிவன்று, மூச்சு வாங்கும் இடம் என்பதை நம் மதரஸாச் சிறுவரும் அறிவர்.