குறுவைக்கும் காற்றாலை இறக்கைக்கும் என்ன சம்பந்தம்?

காற்றாலை என்றாலே முப்பந்தல்தான். தஞ்சாவூர்க்காரருக்கு அது தன் விஷயமாகவே தோன்றாது. ஆனால், மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காத வருஷம் வரட்டும். குறுவை நட்டவர் நடுராத்திரி எழுந்துபோய், மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா என்று மோட்டார் கொட்டகையை எட்டிப் பார்ப்பார். தென்மேற்குக் காற்றில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுவதும் அதே மாதங்களில்தான்.

அந்த இறக்கையில் ஒரு பலவீனம் உண்டு. பாரம் தாங்குவதற்காக அடிப்பகுதி தடித்திருக்கும். அங்கே காற்று ஒட்டி வழியாமல் பிரிந்து சுழலும். இறக்கையைத் தள்ளுகிற விசை குறையும். விமானம் இறங்கும்போது இறக்கையின் முன்னும் பின்னும் தகடுகள் நீள்வதை ஜன்னல் சீட்காரர்கள் பார்த்திருப்பார்கள். அந்த இடைவெளிகள்தான் காற்றைப் பிரியாமல் பிடித்து வைக்கின்றன. விமானத்தில் நூறு வருஷப் பழசான இந்த வித்தையைக் காற்றாலையின் அடிப்பகுதியிலும் பொருத்தலாமா என்று ஆராய்கிறார்கள்.

அதற்காக மலைக்கிற லாபம் கிடைத்துவிடாது. அடிப்பகுதி சுற்றும் வட்டமே சின்னது. கூடுதல் தகடு என்றால் கூடுதல் எடை, பராமரிப்பு வேறு. எப்படிச் செதுக்கினாலும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் கணக்கு. ஆனாலும், காற்று மந்தமான நாளில் கூடுதலாகக் கிடைக்கிற கொஞ்சமும் மோட்டார் கொட்டகைக்கு வேண்டியதுதான். செப்டம்பர் தாண்டினால் காற்று அடங்கிவிடும். குறுவை அறுவடைக்கு வருவதும் அப்போதுதான்.