இரண்டு குழாயா, ஒன்றா?

போன மாரிக்கு முன்னர் எங்கள் வீட்டில் நடந்த பெரிய வழக்கு ஒரு சைலன்சரைப் பற்றியது. சிரிக்காதீர்கள். மூன்று நாட்கள் மகனும் நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவர் வைத்திருந்தது ஹொண்டா சி.டி. 200. எஞ்சினில் இரண்டு சிலிண்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களில் அதுவும் ஒன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது மாமியை அதில் இருத்தி, சனத்துக்குள்ளால் உருட்டிக்கொண்டுதான் தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்த பின்னர் ஊரடங்கு நாட்கள். பொழுதுபடச் சந்தியில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். இரண்டு குழாயிலும் மாறி மாறி, சீராக, தணிந்து வரும் சத்தம். அடுப்படியில் நின்றபடியே உலையில் அரிசி போடுவேன்.

2008இல் அவர் இல்லாமற் போனார். வாகனம் கொட்டிலில் சாக்குப் போர்த்தபடி கிடந்தது. மகன் உழைக்கத் தொடங்கிய பின்னர் அதை வெளியில் எடுத்தான். எஞ்சின் பிழைத்துக்கொண்டது. சைலன்சர்கள் இரண்டும் அடிப்பக்கம் உக்கிப் போயிருந்தன. பெற்றோல் எரியும்போது நீராவியும் வருமாம். கிட்டத்து ஓட்டங்களில் குழாய் நன்றாகச் சூடேறாததால் அது உள்ளேயே தண்ணீராகத் தங்கி இரும்பைத் தின்னுமாம். வெளியே மினுங்கினாலும் உள்ளே ஒன்றும் இராது.

இருந்தபடியே இரண்டு பூட்டவேண்டும் என்பது என் பிடிவாதம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ரேஸ் வாகனம் போல அகலமான கட்டைக் குழாய் ஒன்று போடவேண்டும் என்பது அவனுடையது.

கராஜ்காரர் சொன்னார்: "அக்கா, ரெண்டு குழாய் எண்டால் ரெண்டு மடங்கு பவர் எண்டு நினையாதேங்கோ. இது சின்ன எஞ்சின். ஒண்டாச் சேர்த்தால் பாரமும் குறையும், காசும் குறையும். ஆனால் குழாய் அகலம் கூடினால் மெல்ல ஓடேக்க இழுவை குறையும்."

மகன் முதற் பாதியை மட்டும் கேட்டான். இரண்டு வாங்க என்னிடமும் காசில்லை. அவன் சொன்னதே பூட்டப்பட்டது.

மூன்றாம் நாள் ஒழுங்கை முகப்பில் வந்து அக்சிலேற்றரை விட்டான். படார், படார் என்று இரண்டு வெடி. பக்கத்து வீட்டு அக்கா முள்ளிவாய்க்காலிலிருந்து முகாமுக்குப் போய், 2010இல் இங்கு வந்தவர். கிணற்றடியில் நின்றவர் கயிற்றைக் கைவிட்டு, பேரப்பிள்ளையை இழுத்துத் தன் வயிற்றுக்குள் அமத்தியபடி கட்டோடு குந்திவிட்டார். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மகன் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் அவன் ஸ்டார்ட் பண்ணவில்லை. உருட்டிக்கொண்டே கராஜுக்குப் போனான். நானும் பின்னால் நடந்தேன்.

குழாய்கள் சேரும் மூட்டில் காற்று உள்ளே போயிருக்கிறது. அக்சிலேற்றரை விடும்போது எரியாமல் வந்த பெற்றோல் அந்தக் காற்றோடு குழாய்க்குள் வைத்து எரிவதுதான் அந்த வெடி. மூட்டை இறுக்கி அடைத்தார்கள். வெடி நின்றாலும் இரைச்சல் நிற்கவில்லை. உள்ளே தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாயும் உள்ள நீளமான சைலன்சர் போட்டால்தான் சத்தம் அறைக்கு அறை அடங்கி வெளியே வரும் என்றார்.

"அப்ப நீங்கள் சொன்னமாதிரி ரெண்டு போடுவமோ அம்மா? நான் சீட்டுக்காசு எடுக்கிறன்" என்று மகன் கேட்டான்.

"வேண்டாம் தம்பி. ஒண்டு காணும். சத்தமில்லாத ஒண்டு."

பிள்ளைகள் சைலன்சர் மாற்றப் போனால் நீங்களும் கூடப் போங்கள். காசு கொடுக்க முன்னர் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, முறுக்கி விட்டுக் கேளுங்கள். பெரிய இரைச்சலோடு ஓடினால் பொலிஸும் மறிக்கும். அது வேறு செலவு.

வாளியை மகனே பாதாளக்கரண்டி போட்டு எடுத்துக் கொடுத்தான். இப்போது அவன் சந்தியில் திரும்புவது எனக்குத் தெரிவதில்லை. படலை திறக்கும் சத்தம்தான் முதலில் கேட்கிறது.