வண்ணத் திருத்தத்துக்கு ஒரு திரை வாங்கிய கதை

கச்சுப் பகுதியின் அஜ்ரக்பூருக்கு இவ்வாண்டு மூன்றாம் முறையாகச் சென்றிருந்தேன். 2001 நிலநடுக்கத்துக்குப் பின் தமட்காவிலிருந்து கத்ரி சாயக்காரர்கள் பலர் இடம்பெயர்ந்து புஜ் நகருக்கு அருகே உருவாக்கிய ஊர் அது. என் ஆய்வேட்டின் பகுதியாக எடுத்த ஆவணப்படத்தை அதில் இடம்பெற்றவர்களுக்கே முதலில் காட்ட வேண்டும் என்பது நெறியாளரின் கண்டிப்பு. மூத்த சாயக்காரர் ஒருவர் தம் மகனின் கைப்பேசியில் அதைப் பார்த்தார். பாதியில் நிறுத்தி, “இது எங்கள் நீலம் இல்லையே, பேட்டா” என்றார்.

கைப்பேசித் திரைமேல் பழிபோடப் பார்த்தேன். ஆனால் அகமதாபாத் திரும்பித் துறையின் ஆய்வகத் திரையில் பார்த்தபோதும் அவுரி நீலத்தில் ஊதா ஏறியிருந்தது. மஞ்சிட்டிச் சிவப்பு கண்ணைக் குத்தியது. அவுரித் தொட்டியின் பக்குவத்தைக் கருவியின்றிக் கண்ணாலேயே கணிக்கும் அறிவைப் பற்றியது என் ஆய்வு. அதை எழுதும் என் கண்ணோ ஒரு மலிவான மடிக்கணினியை நம்பியிருந்தது.

நடந்தது இதுதான். என் மடிக்கணினியின் பேனல் என்டிஎஸ்சி வண்ணப் பரப்பில் 45 விழுக்காட்டையே காட்டுவது; எஸ்ஆர்ஜிபி கணக்கில் சுமார் 60 விழுக்காடு. அடர்ந்த சிவப்பு அதில் வெளிறித் தெரியும். நான் வண்ணச்செறிவைக் கூட்டினேன். அதன் வெண்மையும் நீலம் பாய்ந்தது; எனவே காட்சி முழுவதற்கும் வெம்மை சேர்த்தேன். திரையின் குறைகளை ஈடுசெய்கிறேன் என்று அறியாமலே அவற்றைப் படத்துக்குள் எழுதிவிட்டேன்.

மாற்றுத் திரைக்கு என்னிடம் இருந்தது உதவித்தொகையில் மிஞ்சிய 20,000 ரூபாய். திரைத்துறையினர் பயன்படுத்தும் ரெஃபரன்ஸ் மானிட்டர்கள் இலட்சங்களில் விலைபோகின்றன. கடைக்காரர் எனக்குக் காட்டியவை வேறு: வளைந்த திரை, 165 ஹெர்ட்ஸ், பெட்டியின் மேல் எச்டிஆர் முத்திரை. இவ்விலையில் வரும் எச்டிஆர் பெரும்பாலும் முத்திரை மட்டுமே. பரந்த வண்ணப் பரப்புள்ள திரையும் ஆசை காட்டும். எஸ்ஆர்ஜிபி அளவுக்குள் அதை அடக்கும் வசதி இல்லையெனில், அது எதிர்த்திசையில் பொய் சொல்லும்.

எனக்குத் தேவைப்பட்டது எளியது: கோணம் மாறினாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், எச்டி ஒளிபரப்புக்கான ரெக் 709 வரையறையை முழுமையாகக் காட்டும் திறன், ஆலையிலேயே அளந்து அனுப்பப்பட்ட, டெல்டா ஈ 2க்குக் குறைவான பிழை. அசூஸ் புரோஆர்ட் வரிசையின் 24.1 அங்குலத் திரை இம்மூன்றையும் நிறைவு செய்தது. 4கே இல்லை. அதற்காக வருந்தவும் இல்லை. தெளிவு குறைந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், நிறம் பிறழ்ந்தால் தெரிவதில்லை.

திரையை வாங்கியதோடு வேலை முடியவில்லை. புகைப்படத் தோழி ஒருத்தியிடம் கலரிமீட்டரை இரவல் பெற்று, டிஸ்ப்ளேகால் என்னும் இலவச மென்பொருளால் அளந்தேன். வெண்புள்ளி 6500 கெல்வின், காமா 2.4, ஒளிர்வு 100 நிட். அந்த ஒளிர்வைக் கண்டதும் திரை பழுதோ என்று தோன்றும். விடுதி அறையின் குழல்விளக்கை அணைத்தபின் பழகிவிட்டது. அளவீட்டிலிருந்து உருவாக்கிய திருத்தக் கோப்பை டாவின்சி ரிசால்வுக்குள்ளும் ஏற்ற வேண்டியிருந்தது. இயங்குதளத்தில் மட்டும் நிறுவினால் போதும் என்றெண்ணி ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

பிறகு படத்தை முதலிலிருந்து திருத்தினேன். தொட்டியிலிருந்து எழும் துணி முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்து, காற்றுப்பட்ட பின்னரே நீலமாகும். அந்தப் பச்சை என் பழைய வடிவத்தில் வெறும் அழுக்கு மஞ்சளாக இருந்தது. இப்போது மூன்று காட்சிகளில் அது மீண்டுவந்துள்ளது. நான்காவதில் வரவில்லை: கேமராவின் வெண்சமன்பாட்டைத் தானியங்கி நிலையில் விட்டிருக்கிறேன், துணி எழும் கணத்திலேயே நிறம் நழுவுகிறது. எந்தத் திரையும் அதை மீட்காது. அக்காட்சியை நீக்குவதா, குறையைச் சொல்லி வைத்துக்கொள்வதா என்பதை அவரிடமே கேட்கப்போகிறேன்.

பிப்ரவரியில் மீண்டும் பயணம். இம்முறை திரையையே அதன் பெட்டியில் கட்டி எடுத்துச் செல்கிறேன். கீழ்ப் படுக்கை கிடைக்க வேண்டும், பெட்டி பெரியது.