ஊசி போட்டாச்சு, அதுக்குப் பிறகு?

புசல்லாவையில் சமதரை என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து பாதைக்கு வர இறக்கம், கடைக்குப் போக ஏற்றம், பள்ளிவாசலுக்குப் படி. தோட்டத்துப் பெண்களுக்கோ விடிந்தால் மலை, பொழுது சாய்ந்தால் மலை. இப்படி ஊரில் முழங்கால் நோவு இல்லாத வீடு குறைவு. அதனால்தான் கண்டிப் பக்கம் யாராவது அக்குபங்சர் செய்கிறார்கள் என்றால் அந்தச் செய்தி இங்கே சீக்கிரம் வந்து சேர்ந்துவிடுகிறது.

என் உம்மாவும் போனார். பத்துத் தடவை வரச் சொன்னார்கள். முழங்காலை மடக்கியபடியே கம்பளை வழியாக வளைவு வளைவாகப் பஸ்ஸில் போய், முழங்காலுக்கு வைத்தியம் செய்துகொண்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவது. ஊசி குத்திய அன்று நல்ல சுகம். மூன்றாம் நாள் உம்மா சொல்வார்: "பழைய குருடி, கதவைத் திறடி தான் மகள்." அந்த இடத்தில் வீட்டில் செய்ய ஒரு பயிற்சி சொல்லிக் கொடுக்கவில்லை. தொடையை ஒருவரும் தொட்டுப் பார்க்கவுமில்லை. ரியூஷனுக்குக் காசு கட்டிவிட்டு வீட்டில் கொப்பியைத் திறக்காத பிள்ளைகளை நாங்கள் வகுப்பில் நாளும் காண்கிறோம். இதுவும் அந்தக் கதைதான்.

ஊசி நம் நாட்டுக்குப் புதிதல்ல. களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் வாத நோய் வைத்தியராக இருந்த அன்டன் ஜெயசூரிய அங்கே அக்குபங்சர் கிளினிக் நடத்தினார். வெளிநாட்டு டொக்டர்கள் அதைப் படிக்க அவரிடம் வந்தார்கள். ஆகவே ஊசி என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வி வேறு. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தால் எது எவ்வளவு வேலை செய்கிறது?

இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு. இங்கிலாந்தில் 37 பிசியோதெரபி நிலையங்கள், முழங்கால் தேய்வுள்ள 50 வயதும் அதற்கு மேலுமான 352 பேர். எல்லாருக்கும் ஆலோசனையும் பயிற்சியும் உண்டு. ஒரு பிரிவுக்கு அதோடு உண்மையான ஊசி. இன்னொரு பிரிவுக்குத் தோலைத் துளைக்காமல் உள்ளே மடங்கிவிடும் பொய் ஊசி. ஆறு மாதம் கழித்து அளந்தபோது, பயிற்சியோடு ஊசியும் போட்டவர்களுக்கு நோவு மேலதிகமாகக் குறையவில்லை. ஆரம்பக் கிழமைகளில் நோவின் கடுமை கொஞ்சம் தணிந்தது உண்மை. ஆனால் பொய் ஊசிக்காரர்களுக்கும் அது தணிந்தது!

வழிகாட்டிகள் ஒத்துப்போகவில்லை. 2019இல் அமெரிக்க வாத நோய் வைத்தியர் சங்கம், முழங்கால் தேய்வுக்கு ஊசியையும் நிபந்தனையோடு ஒரு வழியாகச் சொன்னது. 2022இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் ஊசி வேண்டாம் என்றது. ஆனால் பயிற்சி விஷயத்தில் இரண்டும் ஒரே பக்கம்: கட்டாயம் செய்யுங்கள். என் கணக்கு இவ்வளவுதான்: ஊசியால் இரண்டு நாள் சுகம் கிடைத்தால், அந்த இரண்டு நாளும் கால் நீட்டிப் படுக்கக் கிடைத்த நாளல்ல, பயிற்சியைத் தொடங்கக் கிடைத்த நாள்.

நம்மைக் கெடுப்பது "தேய்ஞ்சு போச்சு" என்கிற சொல். எக்ஸ்ரேயைப் பார்த்து டொக்டர் அப்படிச் சொன்னதும் நாம் டயரை நினைத்துக்கொள்கிறோம். ஓடினால் இன்னும் தேயும், உட்கார்ந்தால் மிஞ்சும் என்று. மூட்டு அப்படியில்லை. எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. காலை மடக்கி நீட்டி, பாரம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்குச் சத்துப் போகிறது. அசையாமல் இருந்தால் அதுவும் குறையும், தொடைத் தசையும் வற்றும். தசை தாங்காத பாரம் எல்லாம் மூட்டின் தலையில்தான்.

உம்மாவுக்கு வழி காட்டியது அரச ஆஸ்பத்திரி ஒன்றின் இயன்மருத்துவப் பிரிவு. காசு இல்லை, காத்திருப்பு உண்டு. முதல் பயிற்சி: காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதை அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டு விடுவது. பத்துத் தடவை. அடுத்தது கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதல் கிழமை இரண்டு தடவைக்கு மேல் முடியவில்லை. மறந்துபோகாமலிருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் செய்கிறார். ஐந்து வேளை மணி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே! கதிரையில் இருந்து தொழுவது அவருக்கு இன்னும் மாறவில்லை. ஆனால் வீட்டுப் படியை இப்போது பக்கவாட்டாக இல்லாமல் நேராக இறங்குகிறார்.

பயிற்சி செய்யும்போது கொஞ்சம் நோவது வழமை. மறுநாளும் கூடுதலாக நொந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கியிருந்தால் ஊசியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், முதலில் டொக்டர். இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்கள் அதைச் சொல்லாமல் ஊசிக்குப் போகாதீர்கள். பக்கற்றை உங்கள் முன்னால் பிரித்து எடுத்த புது ஊசிதானா என்றும் பாருங்கள்.

உம்மாவைப் பார்க்க வரும் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "டீச்சர், நான் நாள் முழுக்க மலை ஏறி இறங்குறேனே, அது பயிற்சி இல்லையா?" நியாயமான கேள்வி. இயன்மருத்துவரிடமே கேட்டேன். களைத்த காலோடு, கூடைப் பாரத்தோடு சரிவில் இறங்குவது மூட்டுக்கு வேலை. பாரமில்லாமல், மெதுவாகத் தொடையை இறுக்குவது தசைக்கு வேலை. முதலாவது அவருக்கு அளவுக்கு மேல் கிடைக்கிறது, இரண்டாவது கிடைப்பதேயில்லை. கண்டிக்குப் போய் ஊசி போட அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும், அதனால் அந்தப் பேச்சே இல்லை. இப்போது ராவைக்கு லயத்து வாசலில் உட்கார்ந்து துவாயைச் சுருட்டி வைத்துக்கொள்கிறார். சில நாள் அதற்கும் முன்னால் தூங்கிவிடுவதாகச் சொன்னார். தோட்டத்து டிஸ்பென்சரியில் நோவு மாத்திரை கொடுக்கும்போது இந்த இரண்டு பயிற்சியையும் ஒருவர் காட்டிக் கொடுத்தால் என்ன?