ஒன்றரை வயதோடு முடிவதில்லை

கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த காலமெல்லாம் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் பேக் அடுக்கிய வேக்சின் கேரியரைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே அங்கன்வாடிக்குப் போய்விடுவேன். கைக்குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போட வைப்பது பயம், வளர்ந்த பிள்ளையின் ஊசியை விட்டுப்போக வைப்பது மறதி. அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். அதன்பின் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி உட்பட ஐந்து நோய்களைத் தடுப்பது இது. ஆனால் அன்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கலாம், தொடை வீங்கலாம். "நல்லா இருந்த புள்ளைக்குக் காய்ச்சலை வரவச்சுட்டாங்க" என்று வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அடுத்த மாதம் அந்தத் தாய் வரமாட்டாள்.

அதனால் பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதலிலேயே சொல்லிவிடுவேன். "இன்னைக்கு ராத்திரி உடம்பு சுடலாம்மா, பயப்படாதீங்க. வீக்கத்துல எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க. ரெண்டு நாளுக்கு மேல காய்ச்சல் நின்னா தூக்கிட்டு வாங்க." பி.சி.ஜி. போட்ட இடது தோளில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அதையும் முன்னாலேயே சொல்வேன். சொல்லி அனுப்பிய வீட்டுக்காரர்கள் அடுத்த முறை தாமாகவே வந்தார்கள்.

2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரும் உண்டு. அவர்களிடமும் எடுபட்டது பொறுமையான பேச்சுதான்.

மறதி அப்படியில்லை. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை. ஒன்றரை வயதில் இரண்டாம் தவணையோடு, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊக்க ஊசி. அத்துடன் தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போய்விடும். "சின்னதுலயே எல்லாம் போட்டாச்சே சிஸ்டர், இப்ப எதுக்கு?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் எதிரான சக்தி வருஷம் போகப் போகக் குறையும். அதனால்தான் 5 வயதில் முத்தடுப்பின் இரண்டாவது ஊக்க ஊசியும், 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசியும் போடச் சொல்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எச்.பி.வி. ஊசியும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுப்பது அது.

இன்றைக்கே பிள்ளையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு தவணை தவறியிருந்தாலும் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எந்த ஊசி பாக்கி என்று கேளுங்கள். அரசு அட்டவணையிலுள்ள தடுப்பூசிகளுக்கு அங்கே காசு கிடையாது.