சாவி யார் கையில்?

போன விடுமுறையில் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு பிரஸ் ஷாப்புக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டனையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் ராம் இறங்கவேண்டும். கை டைக்குள் மாட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நம் சார் போர்டில் வரைந்தது ஞாபகமிருக்கும். அங்கே ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகி வைத்திருந்தார்கள். ஒரு கை பீஸ் வைக்க, மறுகை அழுத்த, கணக்குக் கூடுமல்லவா!

ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். “கண்டுக்காதே தம்பி, வந்த வேலையைப் பாரு” என்றார். அவருடைய இடது ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

சுவரில் பூட்டுப் போட்ட புகார்ப்பெட்டி. பெயர் எழுதத் தேவையில்லை என்று மேலே எழுதியிருந்தது. நம்பி ஒரு சீட்டுப் போட்டேன். சனிக்கிழமை பெட்டியைத் திறந்தவர் ஃபோர்மேன்! “எழுத்து அச்சு மாதிரி இருக்கே, எந்த பாலிடெக்னிக்?” என்று சிரித்தார். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். கையெழுத்து நன்றாக இருக்கணும் என்று அப்பா இரட்டைக்கோடு நோட்டு வாங்கித் தந்தது இதற்குத்தானா?

எனக்குச் சர்ட்டிஃபிகேட் கிடைத்தது. அண்ணனுக்கு ஒருநாள் சம்பளம் பிடித்தார்கள். “சில்லு வைக்கச் சொன்னதே அவருதான். சாவியும் அவருகிட்டதான். உனக்குத் தெரியாதில்ல” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நண்பர்களே, கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமருக்கு எழுதினார். தன் பெயர் வெளியே போகக்கூடாது என்றும் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27-ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்கள் வேலை என்றது சி.பி.ஐ. எப்படியோ, 2004-ல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. அரசு அலுவலக ஊழலை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். மொட்டைக் கடிதம் செல்லாது. பெயர் எழுதவேண்டும், அதை ஆணையம் வெளியே விடக்கூடாது. 2013 கம்பெனிச் சட்டத்திலோ, பங்குச்சந்தையிலுள்ள கம்பெனி ஊழியர் தணிக்கைக் குழுத் தலைவரையே அணுக வழியிருக்கிறது. அதாவது, சாவி ஃபோர்மேனிடம் இல்லை.

நான் போன ஷெட்டுக்கு இவை எதுவும் எட்டாது. தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியிருக்கலாமே என்று சார் பிறகு சொன்னார். அந்த முகவரியைப் பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் ஒட்டி வைக்கவில்லை.

இப்போது எழுதி வைத்திருக்கிறேன், என் பெயரோடு. சில்லைப் பற்றியும், சாவியைப் பற்றியும். ஆனால் அண்ணனிடம் கேட்காமல் தபாலில் போட இந்தமுறை மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.