அப்பாவின் பக்கக் கண்ணாடி

"ஸ்டியரிங் லூஸா இருக்குடா. பிரேக்கும் லேட்டா பிடிக்குது."

அப்பா சொன்னது நிஜ லோரியைப் பற்றியல்ல. இனிப்புநீரால் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகு அவர் லோரி ஓட்டுவதில்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து வடக்கே பட்டர்வொர்த், தெற்கே ஜொகூர் பாரு என்று ஓடியவர், ஏழு மாதமாக வாசல் நாற்காலியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக் கொண்டிருந்தார். யாரிடமும் அதிகம் பேசவில்லை.

அதனால்தான் என் பழைய மடிக்கணினியில் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். செக் நாட்டு எஸ்.சி.எஸ். நிறுவனம் 2012இல் வெளியிட்டது. சரக்கை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். விசைப்பலகையில் ஓட்டலாம், காலுக்கு வேலையில்லை. ஐரோப்பாவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்றதும் அப்பா முகம் சுளித்தார். பிரிட்டனில் நம்மைப்போல இடப்பக்கம்தான் என்றேன். மான்செஸ்டரில் ஆரம்பித்தார்.

அங்கேதான் இந்த ஸ்டியரிங் புகார். திரையின் மூலையில் எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 18 படம். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 55 மில்லி விநாடி. அப்பா திருப்பியது கண்ணுக்குத் தெரியும் முன் லோரி கோட்டைத் தாண்டிவிடுகிறது. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

கணினிக் கடையில் கேட்டால், "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார்கள். மருத்துவச் செலவுக்குப் பிறகு அதற்கு வெள்ளி இல்லை. நானே அமைப்புகளைத் திறந்து உட்கார்ந்தேன்.

முதலில் நிழல். மரம், பாலம், கார் என்று ஒவ்வொன்றின் நிழலையும் கணக்கிடுவது பழைய இயந்திரத்துக்குப் பெரும் சுமை, அடிமட்டத்துக்கு இறக்கினேன். புல்லின் அடர்த்தியைப் போக்கினேன். ஸ்கேலிங் 100க்கு மேல் இருந்தது. திரைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக வரைந்து பிறகு சுருக்குகிற வேலை. அதைக் குறைத்ததும்தான் பெரிய மாற்றம் தெரிந்தது. காற்றாடியின் தூசியை எடுக்காவிட்டால் இதெல்லாம் அரைமணி நேரத்துக்குத்தான். சூடேறியதும் கணினி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

26 வந்தது. கடைசியாகப் பக்கக் கண்ணாடி. கண்ணாடியில் தெரியும் காட்சியை வேறொரு கோணத்திலிருந்து மீண்டும் வரைய வேண்டும் என்பதால் அது நிறையத் தின்னும். தரத்தையும் தூரத்தையும் குறைத்தேன். 34! பெருமையோடு அப்பாவைக் கூப்பிட்டேன்.

ஐந்து நிமிடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"பின்னால வர்ற கார் தெரியலையே. கண்ணாடி இல்லாம எப்படிடா லேன் மாறுவேன்?"

"இது விளையாட்டுப்பா. இடிச்சாலும் ஒன்னும் ஆகாது."

அப்பா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட யார்மீதும் மோதாத மனிதர் அவர். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று அப்போதே தெரிந்தது.

கண்ணாடியைப் பழையபடி உயர்த்தினேன். "வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றார். தூரத்து மரங்களை எடுத்தேன். மழையில் சாலை மினுங்குவதை எடுத்தேன். திரைத் தெளிவையும் ஒரு படி இறக்கினேன். இங்கிலாந்து இப்போது வெயிலில் காய்ந்த திடல்போல மொட்டையாக இருக்கிறது, பெயர்ப்பலகை எழுத்துகூடச் சற்று மங்கல். ஆனால் 30க்குக் கீழே இறங்குவதில்லை. கண்ணாடியில் பின்னால் வரும் கார் தெளிவாகத் தெரிகிறது.

அப்பா சிக்னல் போட்டு, அந்தக் காருக்கு வழிவிட்டு, பிறகுதான் லேன் மாறுகிறார்.

நேற்றிரவு அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார், முன்பெல்லாம் தொலைபேசியில் கேட்ட அதே தொனியில்: "எங்க போய்க்கிட்டு இருக்கீங்க?"

"லண்டன் தாண்டியாச்சு. டோவர் போய்ட்டுச் சாப்பிடறேன்."